எடுக்காத பொட்டலம்

இரும்புக் கம்பி முதலில் விழுந்தது மூன்றாம் தறியின் மேல்.

ஓடிக்கொண்டிருந்த தறி. நிமிடத்துக்கு நூற்றிருபது தரம் இங்கும் அங்கும் பாய்கிற நாடா, பாதை சிதைந்ததும் எகிறியது. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் வைத்த மரத்துண்டு அது. துளசிமணியின் காதோரம் காற்றைக் கிழித்துப் போய், பின்சுவரில் மோதி, ஒரு கைப்பிடிக் காரையைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது.

"அக்கா, குனிங்க!"

கத்தியவன் அர்ஷத். உக்கடத்துத் தறி மெக்கானிக். ஆறாம் தறியைச் சரி செய்யக் காலையில்தான் சூலூருக்கு வந்திருந்தான். ஸ்பானரோடு பாய்ந்து மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தான். எட்டுத் தறிகளும் ஒரே மூச்சில் அடங்கின. திடீரென்று விழுந்த அமைதியில், கொட்டகை வாசலில் நின்றவனின் சிரிப்பு மட்டும் கேட்டது.

மனோஜ்குமார். வீட்டுக்காரம்மாவின் ஒரே மகன். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. முன்னால் இரண்டு ஆட்கள். ஒருவன் கையில் கம்பி. இன்னொருவன் கையில் சூரிக்கத்தி.

"என்னுங்க்கா, தறி நல்லா ஓடுதுங்ளா?"

"மனோஜு, இது நல்லால்ல. ஆளுகளை வெளிய போகச் சொல்லு."

"நீங்க வெளிய போங்க. அவனுகளும் பொறவாலயே வந்துருவானுக."

சூரிக்கத்திக்காரன் முதல் தறியை நெருங்கினான். விரித்துக் கட்டியிருந்த பாவு நூலின் நடுவில் கத்தியைச் செருகி, கோழியைக் கிழிப்பதுபோல ஒரே இழுப்பு. ஆயிரக்கணக்கான இழைகள் படபடவென்று அறுந்து சுருண்டன. நாலு நாள் வேலை நாலு நொடியில் போயிற்று.

துளசிமணிக்கு வயது நாற்பத்திமூன்று. புருஷன் செத்த பிறகு இந்த எட்டுத் தறிகளை ஒற்றை ஆளாக ஓட்டியவள். உடைந்த தறியில் தொங்கிய மரக்கோலைப் பிடுங்கினாள். நாடாவை அடித்துத் தள்ளுகிற கோல். இரண்டரை அடி, வைரம் பாய்ந்தது. கத்திக்காரன் இரண்டாம் தறிக்குக் கையை நீட்டியபோது மணிக்கட்டில் இறக்கினாள். காய்ந்த விறகு முறிவதுபோல ஒரு சத்தம். கத்தி தரையில் விழ, அவன் கையைத் தொடைகளுக்கு இடையில் செருகிக்கொண்டு ஊளையிட்டான்.

அடுத்த கணம் மனோஜ்குமாரின் கை அவள் கன்னத்தில் இறங்கியது. தலை தறிச் சட்டத்தில் மோதியது. உதடு கிழிந்து வாய் முழுக்க இரும்பின் ருசி.

"வெள்ளிக்கிழமை உன்ற ஒப்பந்தம் முடியுதுடி. சனிக்கிழமை மத்தியானம் வாரேன். கொட்டாய் காலியா இருக்கோணும்."

"உங்கம்மா எனக்கு வாக்குக் குடுத்திருக்காங்க."

"எங்கம்மா வாக்குக் கெடக்குது. சாமி உத்தரவு குடுக்கோணுமல்லொ?" அவன் குனிந்து அவள் முகத்துக்கு நேரே சிரித்தான். "வெள்ளிக்கிழமையும் செவப்புத்தான் வரும். மூட்டையைக் கட்டு."

போய்விட்டார்கள். அர்ஷத் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தான். அவள் வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலீசுக்குப் போலாம்க்கா."

"அர்ஷத்து, அவன் என்ன சொன்னான்?"

"காலி பண்ணச் சொன்னான்."

"அதில்ல. வெள்ளிக்கிழமையும் செவப்புத்தான் வரும்னான். சாமி குடுக்கப் போறது இவனுக்கு எப்படி முன்னாலயே தெரியும்?"

*

வீட்டுக்காரம்மா சாமியாத்தாளுக்கு அந்த வீடு அவள் அப்பன் எழுதி வைத்தது. முன்னால் ஓட்டு வீடு, பின்னால் தறிக் கொட்டகை. பதினோரு வருடமாகத் துளசிமணி அங்கே வாடகைக்கு இருந்தாள். தை மாதம் சாமியாத்தாளே வாயைத் திறந்தாள்: "மகன் கைக்குப் போனா ஊடு ஒரு வருசம் நிக்காது அம்மணி. உனக்குக் கிரையம் பண்ணிப்போடறேன்." ஒப்பந்தம் எழுதியாயிற்று. பதிவுதான் பாக்கி.

ஆனால் சாமியாத்தாள் பூக் கேட்காமல் எதையும் செய்கிறவள் அல்ல. மகள் கல்யாணம், போர்வெல், கண் ஆபரேஷன், எல்லாமே குலதெய்வத்திடம் பூக் கேட்ட பிறகுதான். வாழையிலையில் இரண்டு பொட்டலம், கட்டிக் கொண்டுவருவது மகன். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. அம்மன் காலடியில் வைத்து, பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் காரியத்தைத் தள்ளிப்போட வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

பங்குனியில் கேட்டார்கள். சிவப்பு. நாற்பத்தெட்டு நாள் கழித்து வைகாசியில் கேட்டார்கள். மறுபடி சிவப்பு. அதன் பிறகு மூலப் பத்திரத்தைக் காணோம் என்றான் மனோஜ்குமார். அது கிடைத்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் கிரையம் பண்ணுவார்கள்? இப்போது ஆவணி. ஒப்பந்தத்தின் கடைசி நாளும் மூன்றாம் முறை பூக் கேட்கிற நாளும் ஒன்றாக வந்து நின்றன.

இரண்டு முறையும் துளசிமணி கோயிலுக்குப் போகவில்லை. வாங்குகிறவர்கள் அங்கே நிற்கக் கூடாது, அது எங்கள் குல வழக்கம் என்று சொல்லியிருந்தான் மனோஜ்குமார். அவளும் நம்பினாள். சாமி காரியத்தில் பொய் சொல்ல ஒருவனுக்குத் துணிவு வரும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. சென்னிமலை தாண்டி, வேலங்காட்டுக்கு நடுவில் செல்லாண்டியம்மன் கோயில். அர்ஷத்தின் ஆம்னி வேனைப் பனைமரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு இருவரும் நடந்தார்கள்.

"நான் வெளியவே நிக்கறேன்க்கா. கூப்பிட்டா வர்றேன்."

"கூப்பிடாட்டியும் வா," என்றாள்.

உள்ளே மணியோசை நின்றது. அறுபது வயதைத் தாண்டிய சாமியாத்தாள் கை கூப்பி நின்றிருந்தாள். பக்கத்தில் மகன். தூணில் சாய்ந்தபடி கம்பிக்காரன். கையில் இன்றைக்குக் கம்பி இல்லை, இடுப்பில் ஏதோ புடைத்திருந்தது. பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்து நாரை அவிழ்த்தார்.

சிவப்பு.

சாமியாத்தாளின் தோள்கள் தொங்கின. "ஆத்தாளுக்கு இஷ்டமில்லியாட்டம் இருக்குது."

"நாந்தான் அப்பவே சொன்னனேம்மா," என்றான் மனோஜ்குமார், குரலில் அத்தனை வருத்தம்.

பூசாரி மற்ற பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் திரும்பினார். துளசிமணி வழியில் நின்று அவர் கையைப் பிடித்தாள்.

"பூசாரிங்க, அதையும் பிரிங்க."

"ஏனுங்க அம்மணி, தெரிஞ்சுதான் பேசறீங்ளா? எடுக்காததைப் பிரிச்சாத் தெய்வக் குத்தமுங்க."

"இவ யாரு கூப்பிட்டு வந்தா?" மனோஜ்குமார் பாய்ந்து அவள் தலைமுடியைப் பற்றினான். தரையில் இழுத்தான். முழங்கால் கல்லில் தேய்ந்து எரிந்தது. அவள் கை மட்டும் பூசாரியின் கையை விடவில்லை. அவள் கல்யாணத்துக்கும் இப்படித்தான் பூக் கேட்டார்கள். பிரித்த குடும்பம் விளங்காது என்று கேட்டு வளர்ந்தவள்தான் அவளும். 'குத்தம்னா என்மேல போடு ஆத்தா' என்று மனதுக்குள் கத்திவிட்டு, இலையைக் கிழித்தாள்.

கல்தரையில் பூக்கள் சிதறின.

செவ்வரளி. ஒரு வெள்ளை இதழ்கூட இல்லை.

பூசாரி இரண்டடி பின்வாங்கினார். சாமியாத்தாள் குனிந்து ஒரு பூவை எடுத்தாள். கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தாள்.

"என்றா இது?"

"கட்டறப்ப மாறிப்போச்சும்மா."

"மூணு வாட்டியுமாடா மாறும்?"

மனோஜ்குமாரின் முகத்தில் வியர்வை. முடியை விட்டான். "ஒருத்தனுக்கு அந்த இடத்தைத் தாறேன்னு சொல்லிப்போட்டேன். பைபாஸ் பக்கம் மண்டபம் கட்டறவன். சும்மா ஆளில்லைம்மா. இடம் கைக்கு வரலீன்னா என்னைக் கூறு போட்டுருவான்."

"அதுக்கு ஆத்தாளையே ஏமாத்துவியா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அம்மணி, பத்தர ஆபீசுல எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டே காலுக்கு டோக்கன் போட்டிருக்கறனுங்க பெரியம்மா."

"பன்னெண்டுக்கு ராகு காலம் முடிஞ்சிரும். கெளம்பு. இன்னைக்கே கைநாட்டு வெச்சுத் தாரேன்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் மகன் அவள் இடது கையைப் பிடித்துவிட்டான்.

"கை இருந்தாத்தானம்மா வெப்பே?"

தேங்காய் உடைக்கிற கல் பக்கத்திலேயே இருந்தது. பெற்றவளின் கையை அதன்மேல் விரித்து வைத்து, மணிக்கட்டை முழங்காலால் அமுக்கினான். தரையில் கிடந்த முழுத் தேங்காய் ஒன்றை எடுத்தான். கட்டைவிரலின் மேல் ஓங்கி அடித்தான். ஒரு முறை. இன்னொரு முறை. இரண்டாம் அடியில் தேங்காயும் உடைந்தது. அதன் தண்ணீரும் ரத்தமும் ஒன்றாகக் கல்லில் வழிந்தன.

சாமியாத்தாளின் அலறலில் பனைமரத்துக் காக்கைகள் அத்தனையும் எழும்பின.

அர்ஷத் சுவரைத் தாண்டி உள்ளே குதித்தான். மனோஜ்குமாரின் கழுத்தில் கையைச் சுற்றிப் பின்னால் இழுத்தான். கம்பிக்காரன் இடுப்பிலிருந்து கத்தியை உருவினான். ஒரே வீச்சு. அர்ஷத்தின் முன்கை முழங்கை வரைக்கும் திறந்துகொண்டது. பிடி நழுவியது. மனோஜ்குமார் எழுந்து அவன் வயிற்றில் மாறி மாறி உதைத்தான்.

"துலுக்கனுக்கு எங்க கோயில்ல என்றா வேலை?"

வாசலில் காவல் தெய்வம் கருப்பணன். சிலைக்கு முன்னால் மண்ணில் ஒரு வேலும் நான்கு அருவாள்களும் நட்டிருந்தன. துளசிமணி எதையும் யோசிக்கவில்லை. கைக்கு எட்டிய அருவாளைப் பிடுங்கினாள். கடா வெட்டுக்கு எலுமிச்சம்பழம் தேய்த்துக் கூர் தீட்டி வைத்தது. மனோஜ்குமார் திரும்பினான். அருவாள் ஓங்கியாயிற்று. அவன் கழுத்து தெரிந்தது. அங்கே ஒரு நரம்பு துடிப்பதுகூடத் தெரிந்தது. மூன்றாம் தறி, அறுந்த பாவு, எட்டு மாதம், எல்லாம் அந்த ஒரு நரம்பில் வந்து நின்றன.

"அம்மணி!" சாமியாத்தாள் தரையிலிருந்து கத்தினாள். "திருப்பிப் புடி!"

துளசிமணியின் மணிக்கட்டு தானாகத் திரும்பியது. கூர்ப்பக்கம் மேலே. தடித்த முதுகுப்பக்கம் கீழே. குனிந்து, முழு பலத்தோடு அவன் வலது முழங்காலில் இறக்கினாள். முட்டிச்சில் நொறுங்குவது அவள் உள்ளங்கை வரைக்கும் அதிர்ந்தது. மனோஜ்குமார் மடங்கி விழுந்தான். கத்தக்கூட மூச்சு வரவில்லை அவனுக்கு.

கம்பிக்காரன் ஓரடி வைத்தான். அவள் அருவாளை மறுபடி திருப்பினாள். இப்போது கூர்ப்பக்கம் அவனைப் பார்த்தது.

"உன்னைத் திருப்பிப் புடிக்கச் சொல்ல இங்க யாருமில்ல. வா."

அவன் வரவில்லை. வேலங்காட்டுக்குள் ஓடியே போய்விட்டான்.

*

அர்ஷத் ஒற்றைக் கையால் வேனை ஓட்டினான். மற்றக் கையில் பூசாரியின் துண்டு இறுகக் கட்டியிருந்தது. வண்டி காங்கேயத்தைத் தாண்டியது. பின்சீட்டில் சாமியாத்தாள் விரலை முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். துணி முழுக்க நனைந்து, அடுத்த மடிப்புக்கும் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"பெரியம்மா, பல்லடத்துல டாக்டருகிட்டக் காட்டிப்போட்டுப் போலாமுங்க."

"வேண்டாம். நேரா உடச் சொல்லு." முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டே, "கால் போயிருச்சா அவனுக்கு?" என்றாள்.

"பூசாரி ஆம்புலன்சுக்குப் போன் போட்டாருங்க."

"ம்."

பல்லடம் போய்ப் பின்னால் மறைந்தது. சாமியாத்தாள் மெதுவாக வாயைத் திறந்தாள். "ஆபீசுல கேட்டா, கார் கதவுல சிக்கிக்கிச்சுன்னு சொல்லிக்கலாம். ஊருக்கெல்லாம் எதுக்குத் தெரியோணும்?"

"சரிங்க பெரியம்மா."

"எத்தனை ஆனாலும் பையன்."

"சரிங்க."

*

பன்னிரண்டு பத்துக்குப் பத்திர அலுவலகத்துக்குள் போனார்கள். பத்திரம் எழுதுகிறவர் இரண்டு சாட்சிகளோடு தயாராக நின்றிருந்தார். மூன்று பேரையும் பார்த்ததும் அவர் கையிலிருந்த ஃபைல் சரிந்தது.

சார்பதிவாளர் சின்ன வயதுப் பெண். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் வேகமாக நகர்ந்தன. விற்கிறவளின் புடவையில் ரத்தம். வாங்குகிறவளின் உதட்டில் காய்ந்த தையல்போல ஒரு பிளவு, நகக்கண்ணில் ரத்தம். பின்னால் கையில் கட்டோடு ஓர் ஆள்.

"இடது கட்டைவிரலை வைங்கம்மா."

சாமியாத்தாள் துணியை அவிழ்த்தாள். அலுவலக எழுத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே ரேகை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை.

"என்ன ஆச்சு?"

"கார் கதவுல சிக்கிக்கிச்சுங்க."

"எந்தக் கார்?"

சாமியாத்தாள் துணியை மறுபடி சுற்றப் பார்த்தாள். சார்பதிவாளர் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். "வேற விரல் வைக்கலாம், அது பிரச்சினை இல்லை. ஆனா உங்களை யாரோ அடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு எனக்குத் தோணுது. இந்தப் பத்திரத்தை நான் நிறுத்தி வைக்கிறேன். திங்கக்கிழமை தனியா வாங்க, விசாரிக்கணும்."

திங்கட்கிழமை. ஒப்பந்தத்துக்கு இன்றோடு ஆயுள் முடிகிறது. நாளை மத்தியானம் அந்த மண்டபத்து ஆள் யாரை அனுப்புவான், எத்தனை பேரை அனுப்புவான்?

"மேடம், நான் சொல்றேனுங்க. நடந்தது என்னன்னா..."

"நீங்க பேசாதீங்க. நீங்க வாங்கறவங்க. மிரட்டினது நீங்களாவே இருக்கலாம். அவங்க வாயால சொல்லட்டும்."

அடுத்த டோக்கனுக்குக் காத்திருந்தவர்கள் கம்பித் தடுப்புக்கு வெளியே எட்டிப் பார்த்தார்கள். அதில் சாமியாத்தாளுக்குத் தெரிந்த முகங்கள் இருந்தன; ஒருத்தி சம்பந்தி வழிச் சொந்தம்கூட. துளசிமணி அவளைப் பார்த்தாள். கெஞ்ச வேண்டும் போலிருந்தது. கெஞ்சவில்லை. கேட்டு வாங்குகிற வார்த்தை இல்லை அது.

சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்தது. பன்னிரண்டு இருபது.

சாமியாத்தாள் எழுந்து நின்றாள். நசுங்கிய கையை மறைக்காமல் மேசைமேல், விளக்கு வெளிச்சத்தில் வைத்தாள்.

"எம்பட பையன் அடிச்சானுங்க. பேரு மனோஜ்குமார். செல்லாண்டியம்மன் கோயில்ல, தேங்காக் கல்லுல வெச்சு, தேங்காய்ல அடிச்சான். இந்த ஊட்டை இவளுக்குக் குடுத்துருவேன்னு அடிச்சான். பூசாரி சாட்சி." மூச்சு வாங்கினாள். "இந்தம்மணி என்னை மிரட்டலீங்க. இவளுந்தான் அடிபட்டா. நான் என்ற புத்தியோட, என்ற இஷ்டத்துக்குக் குடுக்கறேன். இதையும் எழுதிக்குங்க. பெத்தவ சொன்னான்னு எழுதிக்குங்க."

வெளியே சொந்தக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சார்பதிவாளர் பேனாவைத் திறந்து, ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, வாசித்துக் காட்டினாள். "சரிதானேம்மா?"

"சரிங்க."

"அப்ப ஆள்காட்டி விரலை வைங்க."

வைத்தாள். இயந்திரம் முதல் தடவை ஏற்கவில்லை. வலது கையால் இடது மணிக்கட்டைத் தானே இறுகப் பிடித்துக்கொண்டு மறுபடி வைத்தாள். பச்சை விளக்கு. "இந்தக் கேமராவைப் பாருங்க," என்றார் எழுத்தர். அவள் கண்ணைத் துடைக்காமலே பார்த்தாள். அந்த முகம்தான் பத்திரத்தில் பதிந்தது.

பிறகு துளசிமணி. கட்டைவிரல், படம், கையெழுத்து. பத்தே நிமிடம். சார்பதிவாளர் எண்ணைப் போட்டு முத்திரையை இறக்கினாள். வீடு கைமாறிவிட்டது. எட்டு மாதமாக அவள் எதிர்பார்த்திருந்த சந்தோஷம் மட்டும் வரவில்லை.

படியிறங்கும்போது சாமியாத்தாளின் தோளைத் தாங்கிக்கொண்டாள். "வாங்க பெரியம்மா, இப்பவாச்சும் கையைக் காட்டலாம்."

"இரு." சாமியாத்தாள் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மனோஜு ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுட்டுப் படுத்திருப்பான். அந்த மண்டபத்து ஆளு நாளைக்கு அவன்கிட்ட வருவான், இல்லீன்னா உன்கிட்ட வருவான். ரெண்டு பேரு மேலயும் எழுதிக் குடுத்தாத்தான் ரெண்டு பேரும் அடங்குவானுக."

"மகன் மேலயே பிராது குடுக்கறீங்ளா?"

"அவன் உள்ள கெடந்தா உசுரோடயாச்சும் கெடப்பான்." முந்தானையால் மறுபடி சுற்ற வந்த துளசிமணியின் கையை விலக்கினாள். "சுத்தாத. காயம் இப்படியே இருக்கட்டும். எழுதறவன் பாக்கோணும்."

அர்ஷத் வண்டியைக் கிளப்பினான்.

"எங்கம்மா போகணும்?"

"ஸ்டேஷனுக்கு உடு கண்ணு."